கெரிம்பாயின் விதவை

கெஞ்சேகான் மொல்தோபயேவா (1938–2010). திரைப்பட நடிகை. ஒன்பது படங்களில் நடித்தார். நான்கில் மட்டும் அவருடைய பெயர் எழுத்தில் வந்தது. அந்த நான்கிலும் மக்கள் நினைவில் நின்றது ஒரே படத்தின் ஒரே காட்சி. அது மூன்று நிமிடம் பத்து விநாடி ஓடும்.

படத்தின் பெயர் ‘உப்புக் கணவாய்’. 1964ஆம் ஆண்டு தலைநகரான பிரூன்சேயின் படநிலையத்தில் எடுக்கப்பட்டது. பனிச்சரிவில் மாண்ட கெரிம்பாய் என்னும் உப்பு வணிகனின் மனைவியாக வரும் கெஞ்சேகான், கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, கம்பளிக் கூடாரத்துக்குள் அமர்ந்து ஒப்பாரி வைக்கிறார். வழக்கப்படி, ஒப்பாரி வைப்பவள் கூடாரத்தின் மரச்சட்டச் சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். துக்கத்துக்கு வந்து வெளியே நிற்பவர்களுக்கு அவள் குரல் போய்ச் சேரும். முகம் யாருக்கும் காட்டுவதற்கன்று. இயக்குநர் ஜூமாபெக் இதைத் தலைகீழாக்கினார்.

“முதுகைப் படம் புடிக்கவா மாஸ்கோவிலேர்ந்து பிலிம் வரவழைச்சிருக்கேன்? திரும்பும்மா இந்தப் பக்கம்” என்றார்.

கெஞ்சேகான் திரும்பினார். அந்த முகம் அஞ்சலட்டையில் அச்சானது. லாரி ஓட்டுநர்கள் அதைக் கண்ணாடியோரம் ஒட்டிவைத்தார்கள். நாரின் பக்கத்தில் ஒரு வருடம் பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் கெஞ்சேகான் என்றே பெயர் வைத்தார்கள்.

குரல் வேறொருத்தியுடையது. படப்பிடிப்பின்போது ஒலியைப் பதிவதில்லை. பிற்பாடு இருட்டறையில் திரையைப் பார்த்துப் பேசிச் சேர்ப்பதே அந்நிலையத்தின் முறை. கெஞ்சேகானின் குரல் கரகரப்பானது, சுருதியில் நில்லாதது. ஐந்து வயதில் பெற்றோரை இழந்து நகரத்து அநாதை விடுதியில் வளர்ந்தவருக்கு ஒப்பாரியைச் சொல்லித்தரவும் ஆள் இல்லை. அந்தக் காட்சிக்கான வரிகளை எழுத்தாளர் எழுதிக்கொடுத்தார். வாயசைவுக்காக அவற்றைக் கெஞ்சேகான் மனப்பாடம் செய்தார். ஜூமாபெக் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், வானொலிக் குழுவில் பாடிக்கொண்டிருந்த துர்சுன் எஷிம்பெகோவா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை அழைத்துப் பாடவைத்தார். திரையில் தன் வாய் அசைய, அதிலிருந்து இன்னொருத்தி அழுவதைக் கெஞ்சேகான் முதன்முதலாகக் கேட்டது முதற்காட்சியன்று, எண்ணூறு பேர் நடுவில். எண்ணூறு பேரும் தேம்பினார்கள். அவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மறு ஆண்டு படம் ஒரு விழாவுக்குப் போவதாயிருந்தது. பெயர்ப்பட்டியலில் துர்சுனின் பெயரையும் சேர்க்கலாம் என்று ஜூமாபெக் சொன்னார். கெஞ்சேகான் நேராக நிலையத் தலைவரின் அறைக்குள் போனார்.

“அவ பேரைப் போட்டா என் பேரை எடுத்துடுங்க. முகம் ஒருத்தி, தொண்டை ஒருத்தின்னு ஊர் சிரிக்கணுமா?” என்றார்.

துர்சுனின் பெயர் வரவில்லை. குரலையும் வாயசைவையும் இம்மி பிசகாமல் ஒட்டவைத்தவர் ஈசா என்ற ஒலிப்பதிவாளர். அவரையே 1965இல் கெஞ்சேகான் மணந்துகொண்டார். மணப்பதற்கு முன் அவரிடம் ஒரு வாக்குறுதி வாங்கினார்: அந்தக் குரல் யாருடையது என்று எவரிடமும் சொல்லக் கூடாது. ஈசா வாக்குத் தவறாதவர்.

விதி செய்த வேடிக்கை என்று இதைச் சொல்ல முடியாது. ஈசாவே செய்த வேடிக்கை. சொந்த ஊரான கோச்கோரிலிருந்து தம்மைப் பார்க்க வந்த தம்பி ஆசானைப் படநிலையத்துக்கு அழைத்துப் போய், வானொலிக் குழுவினருக்கு அறிமுகம் செய்துவைத்தார். ஆசான் 1967இல் துர்சுனைக் கல்யாணம் செய்துகொண்டு கோச்கோருக்கு அழைத்துப் போனார். முகமும் தொண்டையும் ஓரகத்திகளாயின.

அதன்பின் இருபத்தொன்பது ஆண்டுகள் இருவரும் குடும்ப விசேஷங்களில் மட்டும் சந்தித்தார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு தேநீர்க் கிண்ணமாவது உடைந்தது. துர்சுனின் ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. கோச்கோரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவரையே கூப்பிட்டார்கள். அவர் பாடி முடித்ததும் வெளியே நின்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு, “அப்படியே படத்துல கெஞ்சேகான் பாடற மாதிரியே இருக்கு. நல்லா பாத்துப் பழகியிருக்கா” என்று பாராட்டுவார்கள். அது தம்முடைய குரல்தான் என்று துர்சுன் இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தார். “வாய் அசையுதே, நாங்க கண்ணால பார்த்தோமே” என்று சிரித்தார்கள். ஈசாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஈசா தேநீரை உறிஞ்சிக்கொண்டு மலையைப் பார்த்தார்.

கெஞ்சேகானுக்கும் வாழ்வு இறங்குமுகமாயிற்று. முப்பத்தைந்தில் தாய் வேடம், நாற்பதில் கூட்டுப்பண்ணைத் தலைவி, நாற்பத்தைந்தில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு மறையும் பக்கத்து வீட்டுக்காரி. எல்லாவற்றுக்கும் வேறு யாரோ குரல் கொடுத்தார்கள். கடைசிப் படம் 1983இல். தொண்ணூற்றிரண்டில் படநிலையத்தில் விளக்கு அணைந்தது; ஒலிப்பதிவு அறையில் யாரோ தோல் கோட்டு மூட்டைகளை அடுக்கினார்கள். ஈசா இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நான்கு வருடம் இருமினார்.

1996 செப்டம்பர் 12 அன்று அவர் கோச்கோரில், தம்பி வீட்டில் இறந்தார். அடக்கம் மூன்றாம் நாள் என்று முடிவாயிற்று. முற்றத்தில் கூடாரம் எழுந்தது. உடலை உள்ளே ஒரு பக்கம் கிடத்தித் திரையிட்டார்கள். செய்தி ஊர் ஊராகப் பரவியது. ஆனால் பரவிய செய்தி ஈசா இறந்தார் என்பதன்று. கெஞ்சேகான் ஒப்பாரி வைக்கப் போகிறார் என்பதே செய்தி. நாரினிலிருந்து இரண்டு பேருந்து நிறைய ஜனம் வந்தது. ஏரிக்கரைப் பக்கத்து ஆட்களும் வந்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பூபீஷ், பெரிய வாணலியில் போர்சோக் மாவுருண்டைகளைப் பொரித்தபடி எல்லாருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

“முப்பது வருஷமா நகலைக் கேட்டுட்டு இருந்தோம். இன்னிக்குத்தான் அசலு!”

கணவன் இறந்தால் மனைவி ஒப்பாரி வைத்தே ஆக வேண்டும். வைக்காதவள் அவனை மதிக்காதவள் என்று பொருள். சாதாரணப் பெண்ணாயிருந்தால் நான்கு வரி முனகினால் போதும். கெஞ்சேகான் முனக முடியாது. அவர் முனகினால், அஞ்சலட்டையும் படமும் முப்பத்திரண்டு ஆண்டுப் பேரும் அந்த முற்றத்திலேயே பொசுங்கிவிடும். முகம் சுருங்கி, வேலை போய், குழந்தையும் இல்லாமல் நின்ற அவரிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

கூடாரத்துக்குள் போவதற்கு முன் துர்சுன் அவரைக் கொட்டகை ஓரம் நிறுத்தினார்.

“என்ன அக்கா, தொண்டை எப்படி இருக்கு?”

“வழி விடு, துர்சுன்.”

“விடறேன். நான் உங்க பக்கத்துலதான் உட்காரணும், முறை அப்படி. ஆனா வாயைத் தொறக்க மாட்டேன். தொறக்கணும்னா ஒண்ணு செய்யுங்க. ஜனத்துக்குக் கேக்கும்படி, படத்துல பாடினது இவதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே வார்த்தை.”

“பொணம் உள்ள கெடக்கு. நீ பேரம் பேசறே.”

“பொணம் உயிரோட இருந்தப்ப கேட்டேன், அதுவும் பேசலை” என்றார் துர்சுன்.

“உன் பேரை எவனும் சொல்ல மாட்டான்டி. நான் சாகற வரைக்கும் சொல்ல விட மாட்டேன்.”

“சரி. அப்ப நீங்களே பாடுங்க. ஜனம் காத்திட்டிருக்கு.”

இருவரும் உள்ளே போய், சுவரைப் பார்த்து அருகருகே உட்கார்ந்தார்கள். வெளியே ஆண்கள் தடிகளில் சாய்ந்து வரிசையாக நின்றார்கள். நாரின்காரர்கள் தொலைவிலேயே வண்டியை விட்டிறங்கி, “அய்யோ என் தம்பி!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்த அலறல் கேட்டதும் உள்ளேயிருந்து ஒப்பாரி எழ வேண்டும்.

எழவில்லை. வெளியே அலறல் ஓய்ந்து அமைதியாயிற்று. கெஞ்சேகானின் கண்முன் மரச்சட்டமும் கம்பளியும் மட்டுமே இருந்தன. படமெடுக்கும் கருவியில்லை, விளக்கில்லை, யாரும் தன் முகத்தைப் பார்க்கவில்லை. வாழ்நாளில் அவர் அறிந்த ஒப்பாரி ஒன்றே ஒன்று. அவர் வாயைத் திறந்தார்.

“குதிரை வந்தது, சேணம் வந்தது,
கெரிம்பாய், என் கெரிம்பாய்,
கூட நீ வரவில்லையே…”

உடைந்த பானையைத் தரையில் இழுத்தாற்போன்ற குரல். குரலையாவது துக்கத்தின் கணக்கில் தள்ளிவிடலாம். ஆனால் கணவன் ஈசாவின் உடலருகே உட்கார்ந்து, படத்துக் கணவன் கெரிம்பாயை அவர் அழைத்துவிட்டார். வெளியே ஒரு கிழவர், “யாருப்பா கெரிம்பாய்?” என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டது உள்ளே தெளிவாகக் கேட்டது. எவனோ களுக்கென்று சிரித்தான். ஆசானின் தடி தரையில் ‘டக்’கென்று விழுந்தது.

கெஞ்சேகானின் வாய் திறந்தபடியே நின்றது. அடுத்த வரி வரவில்லை. வந்தாலும் அது கெரிம்பாயின் வரிதான்.

அப்போது துர்சுன் பாடினார். வாயைத் திறக்க மாட்டேன் என்றவர் திறந்தது, ஓரகத்தியின் மேல் இரக்கப்பட்டு அன்று. பிறகு பூபீஷிடம் அவரே சொன்னதுபோல, “அந்தக் கரகரப்பைக் கேட்டுட்டு இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தா எனக்கு வாந்தி வந்திருக்கும்.”

“காதைத் தீட்டி வைத்தவனே, ஈசா,
காற்றின் குரலைப் பிடித்தவனே,
ஊரார் குரலைப் பெட்டியில் அடைத்தாய்,
உன் குரலை எங்கே வைத்துப் போனாய்?”

முற்றம் விம்மியது. சிரித்தவனும் அழுதான். ஒரு மணி நேரம் துர்சுன் பாடினார். பெட்டியில் அடைத்தாய் என்ற வரி வந்தபோதெல்லாம் முழங்கையால் ஓரகத்தியின் விலாவில் இடித்தார்.

நடந்ததென்ன என்று வெளியே நின்றவர்கள் தாங்களே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். கெஞ்சேகான் முதலில் துக்கத்தில் தடுமாறிப் பழைய படத்தை உளறிவிட்டார், பின்னர் தேறிக்கொண்டார். கூடாரத்துக்குள்ளிருந்து வந்தது படத்தில் கேட்ட அதே குரல். ஆகவே அது கெஞ்சேகானுடையது. இதில் ஒருவருக்கும் ஐயமில்லை. நாரின்காரர் ஒருவர் துர்சுனிடமே வந்து சொன்னார்:

“கோவிச்சுக்காதேம்மா. நீயும் நல்லாத்தான் பாடுவே. ஆனா இன்னிக்குக் கேட்டியே, அதுதான் அசலு.”

துர்சுன் கையிலிருந்த குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் கிண்ணத்தை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்த மாலை ஆசான் அண்ணியிடம் வந்தார். உட்காரவில்லை.

“கெரிம்பாய்னு சொன்னீங்களே அண்ணி. எங்க அண்ணன் உங்களுக்கு முப்பத்தொரு வருஷம் சோறு போட்டான்.”

“தெரியாம வந்துடுச்சு, ஆசான்.”

“அவன் பேரு ரெண்டே எழுத்து. அதுகூடவா வாயில வரலை? நாற்பதாம் நாளு வரைக்கும் இங்க இருக்கணும்கிறது முறை. இருங்க. அப்புறம் உங்க பஸ் எதுன்னு பாத்துக்கங்க.”

நாற்பது நாளும் கெஞ்சேகான் அந்த வீட்டின் மூலையறையில் இருந்தார். ஊரில் அவருக்குப் புதுப்பெயர் விழுந்துவிட்டது: கெரிம்பாய் பெண்டாட்டி. தண்ணீர்க் குழாயடியில் அவர் வரிசைக்குப் போனால், “வழி விடுங்கடி, கெரிம்பாய் சம்சாரம் வர்றா. பாவம், ரெண்டு புருஷனைப் பறிகொடுத்தவ” என்பார்கள். துர்சுன் தினமும் மூன்று வேளை ஆட்டிறைச்சியும் ரொட்டியும் கொண்டுவந்து, கதவைத் திறக்காமல் வாசற்படியில் வைத்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டார்.

“சொல்றீங்களா?”

“மாட்டேன்.”

“நாற்பதாம் நாளு நான் ஊர்லயே இருக்க மாட்டேன். உங்க கெரிம்பாயைத் துணைக்குக் கூப்பிட்டுக்கங்க.”

முப்பதாம் நாளுக்கு மேல் அந்தக் கேள்விக்கு உள்ளிருந்து பதில் வருவது நின்றது. சுவரைப் பார்த்து யாரோ கரகரவென்று முணுமுணுக்கும் ஓசை மட்டும் கேட்டது. துர்சுன் காதைக் கதவில் வைத்துக் கேட்டார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. சுருதி மட்டும் நன்றாகவே விளங்கியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

அக்டோபர் 21 அன்று நாற்பதாம் நாள். விருந்துக்குக் குதிரை ஒன்று அடித்தார்கள். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு கூட்டம். துர்சுன் ஊரைவிட்டுப் போகவில்லை. வேண்டுமென்றே கூடாரத்துக்குள் போகாமல், அடுப்பருகே கைகளைக் கட்டிக்கொண்டு எல்லார் கண்ணிலும் படும்படி நின்றார். வந்தவர்கள் அலறினார்கள். அலறல் ஓய்ந்தது.

கெஞ்சேகான் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். பின்பு எழுந்தார், திரும்பினார், வாசலில் தொங்கிய கம்பளியை ஒதுக்கிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார். கறுப்புத் துணி கட்டிய விதவை ஆண்கள் வரிசைக்கு முகம் காட்டி நின்றதை அந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை.

“படத்துல நீங்க கேட்டது இவ குரலு” என்று அடுப்பைக் காட்டினார். “நாற்பது நாளைக்கு முன்னால கேட்டதும் இவ குரலுதான். இவ பேரைப் போட விடாம அடிச்சது நான். இப்ப கேக்கப் போறது என் குரலு. புடிக்காதவங்க போய்ச் சாப்பிடுங்க.”

அங்கேயே நின்று அவர் ஒப்பாரி வைத்தார்.

“சொல்லாதே என்றேன், ஈசா, நீயும் சொல்லவில்லை.
அவ்வளவு நல்லவனாய் நீ இருந்திருக்க வேண்டாம்.
என் வாயில் அவள் குரலை ஒட்டினாய்,
ஒருதரம், ஒருதரமாவது பாடு என்று என்னைக் கேட்டாயா?
கரகரப்புத்தான். கேட்டுக்கொண்டு போ.”

எதுகையில்லை, மெட்டில்லை. கேட்கச் சகிக்கவில்லை. பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் உண்மையிலேயே சாப்பிடப் போனார்கள். ஆசான் தடியை ஊன்றிக்கொண்டு நகராமல் நின்றார். ஈசாவின் பெயர் ஏழு முறை வந்தது. கெரிம்பாய் ஒரு முறையும் வரவில்லை.

முடிந்ததும் முற்றத்தின் கண்களெல்லாம் துர்சுன் பக்கம் திரும்பின. முப்பத்திரண்டு ஆண்டாகக் கேட்ட ஒரே வார்த்தை அவருக்குக் கிடைத்துவிட்டது. அவர் அழுவார், ஓடிவந்து கட்டிக்கொள்வார் என்று பூபீஷ் தலைத்துணியின் முனையைத் தயாராகக் கையில் பிடித்திருந்தாள். துர்சுன் மெல்ல நடந்து ஓரகத்தியின் முன் வந்து நின்றார்.

“இதுலயும் முகத்தைக் காட்டிட்டீங்க” என்றார். “எனக்கு வேண்டியதை உள்ள உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம். இல்லை, வெளிய வந்து, திரும்பி நின்னு, எல்லாரும் உங்களையே பாக்கும்படி சொன்னீங்க. நாளைக்கு ஊரு என்ன பேசும்? துர்சுன் பாடினதையா? கெஞ்சேகான் எழுந்து நின்னதையா?”

“உனக்கு என்னதான் வேணும்டி?”

“இனிமே ஒண்ணும் வேண்டாம். நான் செத்தா என் வீட்டுல அந்த வாயைத் தொறக்காதீங்க. அது போதும்.”

மறுநாள் கெஞ்சேகான் பேருந்தேறினார். துர்சுன் சொன்னதே நடந்தது. விதவை முகம் காட்டி நின்ற கதை நாரின் வரை போயிற்று. பாடியது யார் என்ற கதை கோச்கோரைத் தாண்டவில்லை. தலைநகரில் கெஞ்சேகான் ஓஷ் சந்தையில் கம்பளிக் காலுறை விற்றார். தொலைக்காட்சியில் அந்தப் படம் போட்டால், ஒப்பாரிக் காட்சி வரும்போது எழுந்துபோய் ஒலியை அடைத்துவிட்டு, வாய் அசைவதை மட்டும் பார்ப்பார். இருமுறை நிருபர்கள் வந்தார்கள். அவர்களிடம் துர்சுனின் முகவரியை எழுதிக் கொடுத்தார். துர்சுன் கதவைத் திறக்கவில்லை. ஓரகத்திகளுக்குள் பதின்மூன்று ஆண்டு ஒரு கடிதப் போக்குவரத்தும் இல்லை.

துர்சுன் எஷிம்பெகோவா 2009 நவம்பர் 17 அன்று கோச்கோரில் இறந்தார். சேதி எப்படியோ சந்தைக்கு எட்டியது. அடக்கத்தன்று காலை, எழுபத்தொரு வயதுக் கெஞ்சேகான் கணவாய்ப் பனியைக் கடந்து வாடகை வண்டியில் வந்திறங்கினார். தொலைவிலேயே இறங்கி அலறிக்கொண்டு வரவேண்டிய முறையை அவர் செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டு நடந்து வந்தார். துர்சுனின் மூத்த மகள் கூடார வாசலை மறித்தாள்.

“பெரியம்மா, அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

“தெரியும். எங்கிட்டதான் சொன்னா.”

“உட்காரலாம். சத்தம் வரக் கூடாது. வந்துச்சுன்னா வயசைப் பாக்க மாட்டேன், கையைப் புடிச்சு வெளிய விட்டுடுவேன்.”

“தள்ளு.”

உள்ளே மகள்கள் மூவர் பாடினார்கள். தாயின் குரல் அவர்களில் ஒருத்திக்கும் வாய்க்கவில்லை. வெளியே நின்றவர்களில் பலருக்குக் கெஞ்சேகான் உள்ளே இருந்ததே தெரியாது. உடலை எடுக்கும் வரை அவர் மரச்சட்டச் சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டி, வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார். அன்று தேதி 2009 நவம்பர் 19.